10 டெராபைட் பேக்கப்பை அப்படியே டீப் ஆர்க்கைவுக்கு மாற்றலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். அமேசானின் கிளவுட் சேமிப்புச் சேவையான எஸ்3-இல் 10 டெராபைட் பேக்கப் இருக்கிறது, எல்லாமே ஸ்டாண்டர்ட் அடுக்கில் (விலையும் எடுக்கும் வேகமும் வேறுபடும் சேமிப்பு வகைகளை அடுக்கு என்கிறேன்). மாதம் சுமார் 230 டாலர் பில் வருகிறது. கோப்புகளை வயதைப் பார்த்துத் தானாக நகர்த்தும் லைஃப்சைக்கிள் விதி ஒன்றை எழுதி எல்லாவற்றையும் மிக மலிவான கிளேசியர் டீப் ஆர்க்கைவ் அடுக்குக்குத் தள்ளிவிட்டால் 10 டாலரில் முடிந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா, அதில் வில்லங்கம் ஏதும் உண்டா, வேறு நிறுவனத்துக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள். அந்த 10 டெராபைட்டில் என்னென்ன இருக்கிறது என்பதையும் எழுதியிருப்பது நல்லதாயிற்று: தினசரி டேட்டாபேஸ் டம்ப்கள் (டேட்டாபேஸின் முழுப் பிரதிகள்) 2 டெராபைட், 30 நாள் வைத்திருந்து அழிப்பவை, ஃபைல் சர்வரை ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளால் சேமித்த களஞ்சியம் 3 டெராபைட், மாதாந்தர முழுப் பேக்கப்கள், ஒவ்வொன்றும் 300 ஜிபி, ஓராண்டு வைத்திருப்பவை, மீதி 1.4 டெராபைட் ஆண்டிறுதிப் பிரதிகள். மாதம் எவ்வளவு மிச்சம் என்பதோடு, சர்வர் போகும் நாளில் எவ்வளவு நேரத்தில், எவ்வளவு செலவில் தரவு கைக்குத் திரும்பும் என்பதற்கும் சேர்த்தே இங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் விலைகள். கீழே வருபவை அமேசானின் வடக்கு வர்ஜீனியா பிராந்தியப் பட்டியல் விலைகள்; வேறு பிராந்தியங்களில் கூடக்குறைய இருக்கும், ஆனால் அடுக்குகளுக்கு இடையிலான விகிதம் பெரிதாக மாறாது. எளிமைக்காக 1 டெராபைட்டை 1,000 ஜிபி என்றே எடுத்துக்கொள்கிறேன். ஒரு ஜிபி ஒரு மாதம் இருக்க, ஸ்டாண்டர்டில் 0.023 டாலர், அரிதாகத் தொடும் தரவுக்கான ஸ்டாண்டர்ட்-ஐஏவில் (இனி ஐஏ) 0.0125, கிளேசியர் இன்ஸ்டன்ட் ரிட்ரீவலில் 0.004, கிளேசியர் ஃப்ளெக்சிபிள் ரிட்ரீவலில் 0.0036, டீப் ஆர்க்கைவில் 0.00099. ஆக 10 டெராபைட்டுக்கு முறையே 230, 125, 40, 36, 9.90 டாலர். உங்களுக்குச் சொல்லப்பட்ட 10 டாலர் இந்தக் கடைசி எண்தான். எண் சரி. ஆனால் பில்லில் இது ஒரு வரி மட்டுமே. குறைந்தபட்ச வைப்புக் காலம், கோரிக்கைக் கட்டணம், எடுக்கும் கட்டணம், வெளியே அனுப்பும் கட்டணம் என்று இன்னும் நான்கு வரிகள் உண்டு.

குறைந்தபட்ச வைப்புக் காலத்தைப் பலரும் ஒரு தடையாக நினைத்துப் பயப்படுகிறார்கள். ஸ்டாண்டர்ட்-ஐஏவுக்கு 30 நாள், இரண்டு கிளேசியர் ரிட்ரீவல் அடுக்குகளுக்கும் 90 நாள், டீப் ஆர்க்கைவுக்கு 180 நாள். அதற்கு முன் அழித்தால் மீதி நாட்களுக்கான கட்டணத்தையும் வாங்கிக்கொள்வார்கள். அதற்கு மேல் அபராதம் கிடையாது. மூன்று மாத வாடகையை முன்கூட்டியே கட்டிவிட்டு ஒரே மாதத்தில் அறையைக் காலி செய்வது போலத்தான். அறை வாடகையே மிகக் குறைவாக இருந்தால், சீக்கிரம் காலி செய்தாலும் லாபமாகவே முடியலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஜிபியை உள்ளே வைத்தவுடனே ஐஏவில் 0.0125 டாலர், இன்ஸ்டன்ட் ரிட்ரீவலில் 0.012, ஃப்ளெக்சிபிளில் 0.0108, டீப் ஆர்க்கைவில் சுமார் 0.0059 டாலர் கட்டியே ஆக வேண்டும். ஸ்டாண்டர்டில் ஒரு நாள் வாடகை சுமார் 0.00077 டாலர். ஆகவே ஒரு கோப்பு 16 நாளுக்கு மேல் இருக்கப்போகிறது என்றால் ஐஏ, இன்ஸ்டன்ட் இரண்டுமே ஸ்டாண்டர்டை விட மலிவு. டீப் ஆர்க்கைவுக்கு இந்த எல்லை 8 நாள்தான். உங்கள் 30 நாள் டம்ப்களை டீப் ஆர்க்கைவில் போட்டு, 180 நாள் காசு கட்டி அழித்தாலும், மாதம் சுமார் 12 டாலர்தான் ஆகும்; ஐஏவில் 25. அதனால் "சீக்கிரம் அழிக்கிற தரவை ஆர்க்கைவில் வைத்தால் நஷ்டம்" என்று பொதுவாகச் சொல்லப்படுவது உங்கள் விஷயத்தில் பொருந்தாது. டம்ப்களை அங்கே வைக்கக் கூடாது என்றுதான் நானும் சொல்லப்போகிறேன், ஆனால் காரணம் காசு இல்லை, நேரம்.

கோப்பின் அளவு அடுத்த விஷயம். பில் வந்த பிறகு அதிர்ச்சி அடைபவர்களில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இதில்தான். ஐஏவிலும் இன்ஸ்டன்டிலும் 128 கேபிக்குக் குறைந்த ஒவ்வொரு கோப்புக்கும் 128 கேபி என்றே கணக்கிடுவார்கள். ஃப்ளெக்சிபிளிலும் டீப் ஆர்க்கைவிலும் ஒவ்வொரு கோப்புக்கும் கூடுதலாக 40 கேபி சேரும். அதில் 8 கேபிக்கு ஸ்டாண்டர்ட் விலை, 32 கேபிக்கு அந்தந்த ஆர்க்கைவ் விலை. இதற்கு மேல் ஒவ்வொரு கோப்பையும் அடுக்கு மாற்றக் கோரிக்கைக் கட்டணம் வேறு: 1,000 கோப்புகளுக்கு ஐஏவுக்கு 0.01 டாலர், இன்ஸ்டன்டுக்கு 0.02, ஃப்ளெக்சிபிளுக்கு 0.03, டீப் ஆர்க்கைவுக்கு 0.05. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். தலா 20 கேபியில் ஒரு கோடி கோப்புகள் இருப்பதாக வையுங்கள். மொத்தம் 200 ஜிபிதான், ஸ்டாண்டர்டில் மாதம் 4.60 டாலர். இதை டீப் ஆர்க்கைவுக்கு மாற்றும் நாளன்றே 500 டாலர் போய்விடும். மாற்றிய பின் மாதக் கட்டணம் கூடுதல் 40 கேபியோடு சேர்த்து சுமார் 2.35 டாலர். மாதம் 2.25 டாலர் மிச்சம் பிடித்து அந்த 500-ஐ ஈடுகட்ட 18 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதே கோப்புகளை ஐஏவுக்கு மாற்றினால் இன்னும் மோசம்: 128 கேபி விதியால் 200 ஜிபி சுமார் 1,280 ஜிபியாகக் கணக்கிடப்பட்டு, மாதக் கட்டணம் 4.60-லிருந்து 16 டாலராக ஏறும். 2024 செப்டம்பருக்குப் பிறகு எழுதப்படும் லைஃப்சைக்கிள் விதிகள் 128 கேபிக்குக் குறைந்த கோப்புகளைத் தாமாக நகர்த்துவதில்லை. பழைய விதிகள் இருந்தால் அவற்றில் குறைந்தபட்ச அளவு நிபந்தனையை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். உங்கள் டம்ப்களும் முழுப் பேக்கப்களும் பெரிய கோப்புகள் என்பதால் இந்தத் தொல்லை அவற்றுக்கு இல்லை. ஃபைல் சர்வரை அப்படியே கோப்பு கோப்பாக ஒத்திசைத்து வைத்திருக்கும் பக்கெட் (எஸ்3-இல் கோப்புகளை இடும் கொள்கலன்) ஏதாவது இருந்தால், தொடுவதற்கு முன் கோப்புகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். தேவைப்பட்டால் மாத வாரியாக டார் கோப்புகளாகக் கட்டி, உள்ளடக்கப் பட்டியலைத் தனிக் கோப்பாக ஸ்டாண்டர்டில் வைத்து, கட்டிய மூட்டையை மட்டும் ஆர்க்கைவுக்கு அனுப்புங்கள்.

இனி, தரவைத் திரும்ப எடுப்பது. எடுக்கும் கட்டணம் ஒரு ஜிபிக்கு ஐஏவில் 0.01 டாலர், இன்ஸ்டன்டில் 0.03. இந்த இரண்டிலும் தரவு உடனே, மில்லிசெகண்டில் கிடைக்கும். ஃப்ளெக்சிபிளில் சாதாரண முறைக்கு 3 முதல் 5 மணி நேரம், ஜிபிக்கு 0.01, மொத்தமாக எடுக்கும் பல்க் முறைக்கு 5 முதல் 12 மணி நேரம், எடுக்கும் கட்டணம் இல்லை. டீப் ஆர்க்கைவில் சாதாரண முறை 12 மணி நேரத்துக்குள், 0.02 டாலர், பல்க் 48 மணி நேரத்துக்குள், 0.0025. ஃப்ளெக்சிபிள், டீப் இரண்டிலும் எடுக்கக் கேட்டால் ஒரு தற்காலிகப் பிரதி உருவாகும். அது எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று நீங்கள் குறிப்பிடுகிறீர்களோ அத்தனை நாளுக்கும் ஸ்டாண்டர்ட் விலை உண்டு, மூலத்தின் ஆர்க்கைவ் வாடகையும் தொடரும். 10 டெராபைட் முழுவதையும் வெளியே எடுத்தால் தற்காலிகப் பிரதிக்கு நாளொன்றுக்கு சுமார் 7.70 டாலர். 30 நாள் என்று யோசிக்காமல் போட்டுவிட்டால் ஒரு முழு மாத ஸ்டாண்டர்ட் பில்லை இன்னொரு முறை கட்டுவீர்கள். 3 நாளோ 5 நாளோ போடுங்கள். போதாவிட்டால் இடையில் நீட்டித்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் விடப் பெரியது இணையம் வழியாக வெளியே அனுப்பும் கட்டணம். மாதத்தின் முதல் 100 ஜிபி இலவசம், அதன்பின் முதல் 10 டெராபைட்டுக்கு ஜிபிக்கு 0.09 டாலர். முழு 10 டெராபைட்டையும் உங்கள் அலுவலக சர்வருக்கு இறக்கினால் 891 டாலர். எந்த அடுக்கில் வைத்திருந்தாலும் இந்தத் தொகை மாறாது. அதே பிராந்தியத்தில் ஒரு மெய்நிகர் சர்வரை எழுப்பி அதில் மீட்டால் இது பூஜ்யம். பெரும் சேதம் நேர்ந்தால் முதலில் அங்கேயே மீட்டு, அத்தியாவசியமான சேவைகளை ஓடவிட்டு, மற்றதை மெதுவாக இறக்குவது என்று முன்கூட்டியே எழுதி வைப்பது அடுக்கை மாற்றி மிச்சம் பிடிப்பதை விட அதிகம் காப்பாற்றும். இங்கே ஒரு துணைக் குறிப்பு: அந்த சர்வர் வெளி இணையத்தோடு நேரடித் தொடர்பில்லாத தனியார் சப்நெட்டில் இருந்துகொண்டு, வெளியே போகும் வழியான நாட் கேட்வே மூலம் எஸ்3-ஐத் தொட்டால் ஜிபிக்கு 0.045 டாலர் தனியாகப் போகும். பேக்கப்பை மேலே அனுப்பும்போதும் இதே கதைதான். ஸ்டாண்டர்டில் இரண்டு மாதம் வைத்திருக்க ஆகும் வாடகை அது. நாட் கேட்வேயைத் தொடாமல் எஸ்3-ஐ அடையும் பாதையான கேட்வே எண்ட்பாயிண்ட் ஒன்றை அமைத்தால் இந்தச் செலவு முற்றிலும் நின்றுவிடும். அதற்குக் கட்டணம் இல்லை.

நேரத்தைப் பற்றியும் கணக்கோடு பேச வேண்டும். 1 ஜிபிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால்கூட 10 டெராபைட் இறங்க 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே எல்லாம் போய்விட்ட நாளில், ஃப்ளெக்சிபிளின் 5 மணி நேரக் காத்திருப்பு ஒட்டுமொத்தத்தில் சிறு பங்குதான். ஆனால் பேக்கப்பிலிருந்து எடுக்க வேண்டி வருவது பெரும்பாலும் அப்படிப்பட்ட நாளில் அல்ல. யாரோ ஒரு டேபிளைத் தவறாக அழித்துவிடுவார், ஒரு ஃபோல்டர் மேலெழுதப்பட்டிருக்கும், நேற்று இரவு டம்ப் உடனே வேண்டும். தேவை சிறிது, அவசரம் பெரிது. இந்த மீட்புகள் கடைசி சில வாரங்களின் தரவையே நாடும். அந்தப் பகுதியை 12 மணி நேரக் கதவுக்குப் பின்னால் வைத்து மாதம் 13 டாலர் மிச்சம் பிடிப்பது நியாயமான பேரம் இல்லை என்பது என் தீர்மானம்.

இப்போது ரெஸ்டிக் களஞ்சியம். உங்கள் திட்டம் உண்மையில் உடையும் இடம் இதுதான். ரெஸ்டிக், போர்க், கோபியா மாதிரியான மென்பொருட்கள் ஒரே துண்டைத் திரும்பத் திரும்பச் சேமிப்பதில்லை. கோப்புகளைத் துண்டுகளாக்கி, புதிய துண்டுகளை மட்டும் மூட்டை கட்டி மேலே அனுப்புகின்றன. ரெஸ்டிக்கில் ஒரு மூட்டை இயல்பாக சுமார் 16 எம்பி. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதல் நாள் ஏற்றிய மூட்டைதான் களஞ்சியத்திலேயே பழையது. ஆனால் அதில் இருக்கும் துண்டுகளை நேற்று எடுத்த பேக்கப்பும் சுட்டிக்கொண்டிருக்கிறது. "90 நாள் ஆனதை ஆர்க்கைவுக்கு அனுப்பு" என்ற விதி, நேற்றைய பேக்கப்பின் அடித்தளத்தையே கொண்டுபோய், உடனே படிக்க முடியாதபடி உறைய வைத்துவிடும். கோப்பின் வயதும் அதன் தேவையும் இங்கே ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. இன்னொன்று, பேக்கப்பின் அடைவு விவரங்களைத் தாங்கிய மூட்டைகளும் தரவு மூட்டைகளும் ஒரே ஃபோல்டருக்குள்தான் கிடக்கின்றன. லைஃப்சைக்கிள் விதிக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது.

மாற்றிய மறுநாள் பேக்கப் ஓடும், எதுவும் ஆகாதது போலவே தோன்றும். ஏனென்றால் தினசரி பேக்கப் பழைய தரவு மூட்டைகளைப் படிப்பதில்லை. அடைவு விவரங்களும் பெரும்பாலும் உங்கள் கணினியின் கேஷில் இருக்கும். காலாவதியான பேக்கப்களைக் களையும் ப்ரூன் வேலை ஓடும்போதுதான் சிக்கும். அது பாதி காலியான மூட்டைகளைப் படித்து, பயன்படும் துண்டுகளை மட்டும் புது மூட்டையாகக் கட்ட வேண்டும். உறைந்த மூட்டையைப் படிக்க முடியாமல் பிழை காட்டி நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் விட்டால் களஞ்சியம் மாதாமாதம் வீங்கிக்கொண்டே போகும். மீட்கப் போனாலும் அதே பிழைதான். எந்தெந்த மூட்டை தேவை என்று உங்களுக்குத் தெரியாது என்பதால், 3 டெராபைட்டையும் உருக்க (ஆர்க்கைவிலிருந்து வெளியே எடுக்க) வேண்டி வரலாம். பேக்கப் மென்பொருளின் களஞ்சியத்தை, கேட்டுக் காத்திருந்தே படிக்க முடிகிற ஆஃப்லைன் அடுக்குக்கு லைஃப்சைக்கிள் விதியால் அனுப்பாதீர்கள். இந்தப் பதிலில் எந்தத் தயக்கமும் இல்லாமல் நான் சொல்லும் வரி இது.

அதற்கு ஏற்ற அடுக்கு, என் பார்வையில், இன்டெலிஜென்ட்-டியரிங். 30 நாள் யாரும் தொடாத மூட்டையின் விலை தானாக 0.0125-க்கும், 90 நாள் தொடாததன் விலை 0.004-க்கும் இறங்கும். எடுக்கும் கட்டணம் கிடையாது, குறைந்தபட்ச வைப்புக் காலமும் கிடையாது, படிப்பதும் உடனே நடக்கும். கண்காணிப்புக் கட்டணம் 1,000 கோப்புகளுக்கு மாதம் 0.0025 டாலர். 3 டெராபைட்டை 16 எம்பி மூட்டைகளாகப் பிரித்தால் சுமார் 1,90,000 கோப்புகள். மாதம் அரை டாலர்கூட இல்லை. இதே அடுக்கில் விருப்பத் தேர்வாக ஆஃப்லைன் ஆர்க்கைவ் நிலைகளும் உண்டு. அவற்றை இயக்காதீர்கள், இயக்கினால் மேலே சொன்ன சிக்கல் அப்படியே திரும்பி வரும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். தொட்டவுடன் மூட்டை மறுபடி மேல் விலைக்கு ஏறி, 30 நாள் அங்கேயே இருக்கும். மாதம் ஒருமுறை முழுத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அத்தனையும் எப்போதும் ஸ்டாண்டர்ட் விலையிலேயே நிற்கும்; அடுக்கு மாற்றியதற்குப் பலனே இருக்காது. சரிபார்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ரெஸ்டிக்கில் ஒரு பகுதியை மட்டும் படித்துச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. மாதம் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று வைத்தால் ஆண்டுக்கு ஒருமுறை முழுக் களஞ்சியமும் சரிபார்க்கப்பட்டுவிடும், செலவும் பரவிவிடும். ப்ரூனை வாரந்தோறும் ஓட்டுவதற்குப் பதிலாக மாதம் ஒருமுறை ஓட்டுவதும், மூட்டையில் எவ்வளவு வீணிடத்தை அனுமதிப்பது என்ற வரம்பை இயல்பான 5 சதவீதத்திலிருந்து 15, 20 என்று தளர்த்துவதும் தேவையற்ற படிப்புகளைக் குறைக்கும்.

அடுக்குகளுக்கு வெளியே ஒரு பெரிய மிச்சம் ஒளிந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது. டேட்டாபேஸ் டம்பை ஜிசிப் போட்டுச் சுருக்கிய பிறகு ரெஸ்டிக்குக்குக் கொடுப்பவர்கள் நிறைய. சுருக்கிய கோப்பின் தொடக்கத்தில் சிறு மாற்றம் இருந்தாலும் அதன் பின்னால் வருவது எல்லாமே வேறாகத் தெரியும். மென்பொருளின் கண்ணுக்குத் தினமும் முற்றிலும் புதிய கோப்பு. டம்பைச் சுருக்காமல் கொடுங்கள், சுருக்கும் வேலையை ரெஸ்டிக்கே செய்யட்டும், 0.14 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது, களஞ்சிய வடிவம் இரண்டாம் பதிப்பாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஜிசிப், இசட்ஸ்டாண்டர்ட் இரண்டிலும் ஆர்சிங்க்குக்கு இணங்கச் சுருக்கும் தேர்வு (சிறு மாற்றம் அதன் பின்னால் வருவதையெல்லாம் மாற்றிவிடாதபடி சுருக்குவது) உண்டு, அதைப் போடுங்கள். குறியாக்கம் எப்போதும் சுருக்கிய பிறகுதான். முதலில் குறியாக்கம் செய்தால் பின்பு எதுவும் சுருங்காது. நாளுக்கு நாள் அதிகம் மாறாத டேட்டாபேஸ் என்றால், உங்கள் 2 டெராபைட் டம்ப்கள் இப்படி மாற்றிய பிறகு பலமடங்கு குறையலாம். எவ்வளவு குறையும் என்பது தரவின் இயல்பைப் பொறுத்தது. ஒரு வார டம்ப்களை ஒரு சோதனைக் களஞ்சியத்தில் ஏற்றிப் பார்த்தால் உங்கள் எண் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பக்கெட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் காசு தின்பவை இரண்டு. வெர்ஷனிங் இயக்கத்தில் இருந்தால், நீங்கள் அழித்த கோப்பு அழிவதில்லை. மேலே ஒரு அழிப்புக் குறி மட்டும் விழுகிறது, பழைய பதிப்பு முழு விலையில் தொடர்கிறது. 30 நாளில் அழிவதாக நீங்கள் நம்பும் டம்ப்கள் இரண்டு ஆண்டாக அடியில் குவிந்திருக்கக்கூடும். இரண்டாவது, பாதியில் அறுந்த மல்டிபார்ட் அப்லோடுகள். பெரிய கோப்பை ஏற்றும்போது இணைப்பு அறுந்தால் அதுவரை போன துண்டுகள் அங்கேயே தங்கிவிடும். சாதாரணக் கோப்புப் பட்டியலில் காட்டாது, பில்லில் காட்டும். பழைய பதிப்புகளை இத்தனை நாளில் அழி என்று ஒரு விதி, முடியாத அப்லோடுகளை 7 நாளில் கைவிடு என்று ஒரு விதி, இரண்டையும் முதல் வேலையாகப் போடுங்கள். பக்கெட்டின் மொத்த அளவை எஸ்3 தரும் அளவீட்டில் (மெட்ரிக்) பாருங்கள், கோப்புப் பட்டியலின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், உங்கள் 10 டெராபைட்டே உண்மையில் 10 டெராபைட் இல்லை.

இவ்வளவையும் சேர்த்து உங்களுக்கு நான் சொல்லும் பிரிவினை இது. டம்ப்கள் 2 டெராபைட்டை ஸ்டாண்டர்ட்-ஐஏவில் வையுங்கள்: மாதம் 25 டாலர். இதை லைஃப்சைக்கிள் விதியால் செய்ய முடியாது, ஏனென்றால் ஸ்டாண்டர்டில் 30 நாள் ஆகாமல் ஐஏவுக்கு எஸ்3 நகர்த்தாது. ஏற்றும்போதே அடுக்கைக் குறிப்பிட்டு நேரடியாக அங்கே போடுங்கள். இன்ஸ்டன்டில் போட்டாலும் 90 நாள் கணக்கில் ஏறத்தாழ இதே தொகைதான் ஆகும், ஆனால் எடுக்கும் கட்டணம் மூன்று மடங்கு, அதனால் ஐஏ. ஆனால் வைத்திருக்கும் காலத்தை 15 நாளாகக் குறைக்கும் எண்ணம் இருந்தால் ஸ்டாண்டர்டிலேயே விட்டுவிடுங்கள். ரெஸ்டிக் களஞ்சியம் இன்டெலிஜென்ட்-டியரிங்கில்: மூன்று மாதத்துக்குப் பிறகு பத்தில் எட்டுப் பங்கு தொடப்படாமலே இருக்கிறது, மீதி இரண்டும் மேல் நிலைகளில் பாதிப் பாதி என்று வைத்தால் மாதம் சுமார் 21 டாலர். இது மதிப்பீடுதான், உங்கள் கோப்புகள் எவ்வளவு வேகமாக மாறுகின்றன என்பதைப் பொறுத்து 15-ஆகவும் இருக்கலாம், 35-ஆகவும் இருக்கலாம். முதல் மூன்று மாதமும் பில் இதைவிட அதிகமாகவே வரும், பதற வேண்டாம்.

மாதாந்தர முழுப் பேக்கப்கள் 3.6 டெராபைட். ஃப்ளெக்சிபிளில் மாதம் 12.96, இன்ஸ்டன்டில் 14.40. வித்தியாசம் ஒன்றரை டாலருக்கும் கீழே. மூன்று முதல் ஐந்து மணி நேரக் காத்திருப்பையும், உருக்கி எடுக்கும் தனிப் படிநிலையையும் இல்லாமலாக்க அந்த ஒன்றரை டாலரைக் கொடுத்துவிடலாம். ஒரு மாதப் பிரதியை முழுதாக எடுக்க 9 டாலர் கட்டணம் ஆகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆண்டிறுதிப் பிரதிகள் 1.4 டெராபைட் மட்டும் டீப் ஆர்க்கைவுக்கு: மாதம் 1.39 டாலர். கணக்குத் தணிக்கைக்கு யாராவது கேட்டால் ஒரு நாள் காத்திருக்கலாம் என்கிற வகைத் தரவு இது. அந்த அடுக்கு இதற்காகவே இருக்கிறது. மொத்தம் சுமார் 62 டாலர். எல்லாவற்றையும் டீப் ஆர்க்கைவில் போட்டால், டம்ப்களின் 180 நாள் விதியைச் சேர்த்து, சுமார் 20 டாலர். இடையில் இருக்கும் 42 டாலருக்கு, ஆண்டிறுதிப் பிரதிகளைத் தவிர எந்தத் தரவு வேண்டுமானாலும் உடனே எடுக்கலாம், ரெஸ்டிக்கும் ஒழுங்காக ஓடும்.

ஸ்டாண்டர்டிலிருந்து ஐஏ, அங்கிருந்து இன்ஸ்டன்ட், அங்கிருந்து டீப் என்று படிப்படியாக இறக்கும் விதிகளை எழுதாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் கோரிக்கைக் கட்டணம் உண்டு. குறைந்தபட்ச நாட்கள் முடியும் முன் நகர்த்தினால் மீதி நாட்களின் கட்டணமும் சேரும். ஆண்டிறுதிப் பிரதி என்று முதல் நாளே தெரியும் கோப்பைத் தனி முன்னொட்டில் (ஃபோல்டர் போன்ற பெயர்ப் பகுதியில்) நேராக டீப் ஆர்க்கைவில் போடுங்கள். ரான்சம்வேருக்கு (தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரலுக்கு) பயந்து, குறித்த தேதிவரை அழிக்க விடாத ஆப்ஜெக்ட் லாக் போடுவது நல்ல யோசனை, நானும் பரிந்துரைப்பேன். ஆனால் கம்ப்ளையன்ஸ் முறையில் பூட்டியதைக் குறித்த தேதிக்கு முன் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கால்கூட அழிக்க முடியாது. 30 நாள் என்று போட வேண்டிய இடத்தில் தவறி 3,000 நாள் போட்டால் அத்தனை காலமும் வாடகை கட்ட வேண்டியதுதான். முதலில், சிறப்பு அனுமதி உள்ளவர் பூட்டை நீக்க முடிகிற கவர்னன்ஸ் முறையில் சோதித்துவிட்டு, பூட்டும் காலத்தை வைப்புக் காலத்துக்கு மிகாமல் அமையுங்கள்.

வேறு நிறுவனத்துக்குப் போவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரே பெயரில் இருக்கும் அடுக்குகள் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது என்பதைக் கவனியுங்கள். கூகுளின் ஆர்க்கைவ் அடுக்கிலிருந்து தரவு மில்லிசெகண்டில் வரும். ஆனால் குறைந்தபட்சக் காலம் 365 நாள், எடுக்க ஜிபிக்கு 0.05 டாலர். மைக்ரோசாஃப்ட் அசூரின் ஆர்க்கைவ் ஆஃப்லைன். குறைந்தபட்சக் காலம் 180 நாள், சாதாரண முறையில் உருக்க 15 மணி நேரம் வரை ஆகும். அசூரின் கூல் (cool) அடுக்குக்குக் குறைந்தபட்சம் 30 நாள், கோல்ட் (cold) அடுக்குக்கு 90 நாள், இரண்டும் ஆன்லைன். கிளவுட்ஃப்ளேர் ஆர்2 வெளியே அனுப்பக் கட்டணம் வாங்குவதில்லை, பேக்பிளேஸ் பி2 வைத்திருக்கும் அளவைப் போல மூன்று மடங்கு வரை இலவசமாக வெளியே விடுகிறது. அடிக்கடி அலுவலகத்துக்கு இறக்கிச் சோதிப்பவர்களுக்கு இவை பொருந்தும். இருக்கும் 10 டெராபைட்டை அங்கே கொண்டுபோக அமேசானிலிருந்து வெளியேறும் அந்த 891 டாலரை ஒருமுறை கட்ட வேண்டி வரலாம் என்பதால், பழையதை நகர்த்தாமல் புதியதை மட்டும் அங்கே தொடங்கி, பழையது இங்கே காலாவதியாகட்டும் என்று விடுவதே சிக்கனம்.

மேலே சொன்னவற்றில் குறைந்தபட்ச நாட்கள், 128 கேபி, 40 கேபி விதிகள், ரெஸ்டிக் நடந்துகொள்ளும் விதம் ஆகியவற்றை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். டாலர் எண்களை உங்கள் பிராந்தியத்தின் விலைப் பட்டியலோடு ஒருமுறை ஒத்துப்பாருங்கள். களஞ்சியத்துக்கான 21 டாலர் ஊகம் மட்டுமே. அதைத் திருத்த, ஒரு மாதத்தில் ரெஸ்டிக் எத்தனை ஜிபி புதிதாக ஏற்றுகிறது, ப்ரூன் எத்தனை ஜிபி மறுபடி கட்டுகிறது என்ற இரண்டு எண்கள் வேண்டும். அவை உங்கள் லாகில் இருக்கும், பதிலில் எழுதினால் கணக்கைச் சரிசெய்து தருகிறேன். சட்டப்படி ஆண்டிறுதிப் பிரதிகளை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதை உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை. வேலையைத் தொடங்கும்போது வெர்ஷனிங், மல்டிபார்ட் சுத்தம் முதலில்; ஒரு பில் சுழற்சி முடிந்தபின் மாதாந்தரப் பிரதிகள்; அதற்கடுத்த மாதம் களஞ்சியம். டீப் ஆர்க்கைவுக்கு அனுப்பும் ஆண்டிறுதிப் பிரதிகளைக் கடைசியாக வையுங்கள். அனுப்பும் முன் ஒவ்வொன்றையும் திறந்து மீட்டுப் பாருங்கள், கோப்பு மாறவில்லை என்று காட்டும் அதன் செக்சம்மையும் குறியாக்கச் சாவி இருக்கும் இடத்தையும் வேறொரு இடத்தில் குறித்து வையுங்கள். அங்கே போன பிறகு ஒரு கோப்பைத் திறந்து பார்ப்பதற்கே அரை நாள் ஆகும்.